அறிவினாவும் அறியாவினாவும்: நடுநிலை வகுப்பு அறிவியல் பாடநூலின் மொழி குறித்து

ஆய்வுச்சுருக்கம்

நடுநிலை வகுப்புகளில் (6–8) அறிவியல் பாடத்தின்பால் மாணவர் ஈடுபாடு குறைவதற்குக் கருவிப் பற்றாக்குறையும் தேர்வு முறையும் காரணங்களாகக் காட்டப்பெறுகின்றன. பாடநூலின் தொடரமைப்பையும் வினாவமைப்பையும் அக்காரணங்களோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நன்னூலார் கூறும் அறுவகை வினா, எண்வகை விடை ஆகிய பகுப்புகளைத் துணையாகக் கொண்டு தமிழ்நாட்டுப் பாடநூல்களின் போக்கு மதிப்பிடப்பெறுகிறது. ஏழாம் வகுப்பில் இடம்பெறும் அடர்த்தி என்னும் கருத்து சான்றாகிறது. ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், பாடநூல் மொழி, நன்னூல், வினாவகை, மாணவர் ஈடுபாடு, அடர்த்தி

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் நம்மிடையே ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை கலைச்சொல் ஆய்வுகள். சாமுவேல் பிஷ் கிறீன் ‘கெமிஸ்தம்’ என்று எழுதியதையும், இராஜாஜி தம் நூலுக்குத் ‘திண்ணை ரசாயனம்’ என்று பெயரிட்டதையும், பின்னர் ‘வேதியியல்’ நிலைபெற்றதையும் விரித்துரைக்கும் கட்டுரைகள் பல உள. பெ.நா. அப்புசுவாமி, வா.செ. குழந்தைசாமி, மணவை முஸ்தபா ஆகியோரின் பணிகளைப் பேசுவோரும் சொல்லாக்கத்தையே முதன்மைப்படுத்துகின்றனர். சொல்லைக் கடந்து தொடரை நோக்கிய ஆய்வுகள் அரிது. பன்னிரண்டு வயது மாணவர் ஒருவரை அறிவியலிலிருந்து விலக்குவது ‘பதங்கமாதல்’ என்னும் அருஞ்சொல்தானா, அச்சொல் அமர்ந்திருக்கும் தொடரா என்று கேட்டவர் மிகச் சிலர்.

மறுபுறம், கல்வியியல் துறையில் ஈடுபாடு பற்றிய ஆய்வேடுகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே: முன்தேர்வு, சில வாரங்கள் காணொளி அல்லது விளையாட்டு வழியான கற்பித்தல், பின்தேர்வு, சராசரியில் காணப்பெறும் உயர்வு. காணொளி காட்டிய வகுப்பு காட்டாத வகுப்பைவிட மகிழ்ச்சியாக இருந்தது என்பதை நிறுவ இத்துணைப் புள்ளியியல் வேண்டுமா என்னும் ஐயம் ஒருபுறம் இருக்கட்டும். இவ்வாய்வுகள் ஈடுபாட்டைப் பாடப்பொருளுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் சுவையூட்டியாகக் கருதுகின்றன என்பதே அடிப்படைக் குறை. பாடத்தில் உண்மையான கேள்வி ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று அவை வினவுவதில்லை.

இந்த இரு ஆய்வு மரபுகளும் சந்திக்காத இடத்தில்தான் நடுநிலை வகுப்பு மாணவர் அமர்ந்திருக்கிறார். பதினோராம் வகுப்பில் எப்பிரிவைத் தேர்வது என்னும் முடிவு பலருக்கு எட்டாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே உள்ளூர எடுக்கப்பட்டுவிடுகிறது. ‘அறிவியல் எனக்கு வராது’ என்னும் அம்முடிவை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் பதிவு செய்வதில்லை.

நன்னூல் தரும் அளவுகோல்

நன்னூலைக் கல்வியியலார் நினைவுகூரும்போது மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனப் பகுத்த பொதுப்பாயிரத்தையே எடுத்துக்காட்டுவர். மாணாக்கரை வகைப்படுத்துவதில் நமக்குள்ள விருப்பம் அத்தகையது. அந்நூலின் சொல்லதிகாரத்தில், பொதுவியலில், வேறொரு பகுப்பு உண்டு. வகுப்பறைக்கு அதுவே கூடுதலாகப் பயன்படும் என்பது என் கருத்து. வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பவணந்தியார் பகுக்கிறார்.

அறிவினா என்பது விடையை அறிந்தவர் கேட்பது. நூற்பாவின் பொருள் யாது என ஆசிரியர் மாணாக்கரைக் கேட்பதை உரையாசிரியர்கள் சான்று காட்டுவர். அதே கேள்வியை மாணாக்கர் ஆசிரியரிடம் கேட்டால் அது அறியாவினா. சொற்கள் மாறவில்லை, கேட்பவரின் அறிதல்நிலை மாறுகிறது, வினாவின் வகையும் மாறிவிடுகிறது. தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா எனத் தடுமாறுவது ஐயவினா. இப்பகுப்பு வினாவின் வடிவத்தைப் பற்றியதன்று. கேட்பவருக்கும் விடைக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியது. அதனாலேயே இன்றைய வகுப்பறைக்கும் இது பொருந்துகிறது.

ஜே லெம்கே 1990-இல் வெளியிட்ட ‘டாக்கிங் சயின்ஸ்’ என்னும் நூலில் அறிவியல் வகுப்பின் உரையாடல் ஆசிரியர் வினா, மாணவர் விடை, ஆசிரியர் மதிப்பீடு என்னும் மூன்றடுக்கில் சுழல்வதைக் காட்டினார். நன்னூல் மொழியில் கூறினால், அறிவினா மட்டுமே ஆட்சி செய்யும் வகுப்பு அது. ஏவல்வினாவும் அங்கு உண்டு: ‘வீட்டுப்பாடம் எழுதினாயா?’ அறியாவினாவுக்கும் ஐயவினாவுக்கும் இடமில்லை. அறிவியல் என்னும் செயல் நடைபெறுவதோ அவ்விரண்டில்தான்.

விடைப் பகுப்பும் நமக்கு உதவும். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். எஞ்சிய ஐந்தனுள் வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல் ஆகியன அடங்கும். ‘ஆடுவாயா?’ என்றதற்குக் ‘கால் வலித்தது’ என்பது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். நன்னூலார் இவற்றைக் குறிப்பால் உணர்த்தும் விடைகளாகவே கொண்டார். சோதனைச்சாலையை அவர் எண்ணியிருக்க இயலாது. எனினும் நிகழ்ந்ததைக் கூறுதல், நிகழப்போவதைக் கூறுதல் என்னும் இவ்விரு பெயர்களையும் சற்றே நீட்டிக் கொண்டால், உற்றுநோக்கலும் முன்கணிப்பும் கிடைக்கின்றன. நடுநிலை வகுப்பு மாணவர் அளிக்கவல்ல இயல்பான அறிவியல் விடைகள் இவையே. நம் வினாத்தாள்கள் ஏற்பது பெரும்பாலும் சுட்டு விடையை மட்டும்.

பாடநூலின் தொடர்

2018–19 கல்வியாண்டில் தொடங்கி அடுத்த ஆண்டில் முழுமையடைந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முந்தையவற்றினும் மேம்பட்டவை என்பதில் ஐயமில்லை. வண்ணப்படங்கள், செயல்பாட்டுக் கட்டங்கள், ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டிகள், இணையச் செயல்பாடு எனப் பக்கங்கள் ஆளரவம் மிக்கவையாக உள்ளன. ஆயினும் பாடத்தின் உடலாக அமைந்த தொடர்களைத் தனியே எடுத்து நோக்கினால் ‘ஆகும்’, ‘எனப்படும்’ என்னும் முடிபுகள் மிகுந்திருப்பதைக் காணலாம். வரையறைத் தொடர் அறிவியலுக்குத் தேவையானதே. அது பாடத்தின் எவ்விடத்தில் நிற்கிறது என்பதே சிக்கல்.

ஆவியாதலை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பேச்சில் துணி உலர்கிறது, குளம் வற்றுகிறது, கருவாடு காய்கிறது, குழம்பு சுண்டுகிறது. நான்கு வினைகள், நான்கு காட்சிகள். இவற்றுள் நிகழ்வது நீர் ஆவியாக மாறிக் காற்றில் கலப்பதே எனக் காண்பது மனித அறிவின் அரிய பாய்ச்சல். குளத்தையும் கொடியில் தொங்கும் சட்டையையும் ஒன்றெனக் கூறுவதற்குத் துணிவு வேண்டும். பாடநூல் அந்த ஒற்றைச் சொல்லிலேயே தொடங்கிவிடுவதால் பாய்ச்சல் மறைந்துவிடுகிறது. பெயர் மட்டும் எஞ்சுகிறது. குழம்பு சுண்டுவது பிற மூன்றையும் போன்றதா, அடுப்பின் மேல் கொதிப்பதால் வேறானதா என்பது நல்லதோர் ஐயவினா. ஆவியாதல் எல்லா வெப்பநிலைகளிலும் நீரின் மேற்பரப்பில் நிகழ்வது. கொதித்தல் குறிப்பிட்ட வெப்பநிலையில் நீர் முழுவதிலும் நிகழ்வது. இவ்வேறுபாட்டை வகுப்புகள் அட்டவணையாக மனப்பாடம் செய்கின்றன. மேற்கூறிய நான்கு வினைகளை முதலில் கரும்பலகையில் எழுதினால் அட்டவணையை மாணவர்களே கட்டமைப்பர்.

வினையைப் பெயராக்குதல் அறிவியல் எழுத்தின் தனிக்கூறு என்பதை ஹாலிடே விரிவாக விளக்கியுள்ளார். தமிழில் தொழிற்பெயர் ஆக்கம் எளிது என்பதால் இப்போக்கு நமக்கு இன்னும் வசதியானது: கடத்தல், சலனம், கதிர்வீச்சு, ஆவியாதல், உறைதல், உருகுதல். பெயராக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது என் வாதமன்று. தொழிற்பெயரை மாணவர் கேட்பதற்கு முன் அதன் வினையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றாடச் சொல்லும் கலைச்சொல்லும் ஒரே வடிவில் மோதும் இடங்கள் இன்னும் கடினமானவை. விசை, வேலை, ஆற்றல், திறன், நிறை, எடை ஆகியன ஊர்ச் சொற்கள். பாடத்தில் அவை வேறு பொருள் பெறுகின்றன. ‘பதங்கமாதல்’ போன்ற அந்நியச் சொல் மாணவரைத் தடுத்து நிறுத்தும். அவரும் பொருள் கேட்பார். ‘வேலை’ தடுத்து நிறுத்துவதில்லை. மூட்டையைத் தலையில் சுமந்து அசையாமல் நிற்பவர் மூட்டையின் மீது வேலை செய்யவில்லை என்று இயற்பியல் கூறும்போது, சுமைதூக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு அது அபத்தமாகவோ அவமதிப்பாகவோ தோன்றக்கூடும். ஆறாம் வகுப்பு அளவீடுகள் பாடத்தில் வரும் ‘பிழை’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஒரே மேசையை ஐவர் அளந்து ஐந்து எண்களைப் பெறுவது அளத்தலின் இயல்பு. தமிழில் பிழை என்பது குற்றத்தோடு உறவுடையது. பிழையை மாணவர் அழிப்பானால் திருத்துவார், பக்கத்திலிருப்பவரின் எண்ணைப் பார்த்து எழுதுவார்.

அடர்த்தி: ஒரு பாடப்பொருள்

ஏழாம் வகுப்பின் அளவீட்டியல் பாடத்தில் பரப்பளவு, பருமன் ஆகியவற்றை அடுத்து அடர்த்தி ஒரு வழி அளவாக அறிமுகமாகிறது. நிறையைப் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. பின்னர் பாடம் வானியல் அலகுக்கும் ஒளியாண்டுக்கும் நகர்ந்துவிடுகிறது. அளவுகளின் வரிசை என்னும் நோக்கில் இம்முறை குறையற்றது. ஆனால் அடர்த்தி எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பது மாணவருக்குத் தெரிவதில்லை.

கேள்வி குளத்தங்கரையில் உள்ளது. கல் மூழ்குகிறது, மட்டையோடு கூடிய தேங்காய் மிதக்கிறது. ஏன் என்று வினவினால் ‘கனமானது மூழ்கும்’ என்பதே விடையாக வரும். இவ்விடத்தில் தமிழ் நமக்கு ஒரு கண்ணி வைத்திருக்கிறது. ‘கனம்’ என்பது ஊர்வழக்கில் எடை. தடிமனையும் அது குறிக்கும். பாடநூல் வழக்கிலோ ‘கனஅளவு’ என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். மாணவர் கனம் என்று சொல்லி எடையை எண்ணுகிறார். ஆசிரியர் கனஅளவு என்று சொல்லி இடத்தை எண்ணுகிறார். அடர்த்தி என்னும் வகுத்தலின் மேலும் கீழும் நிற்கும் இரு அளவுகளும் ஒரே சொல்லுக்குள் குழம்பிக் கிடக்க, சூத்திரம் மட்டும் தெளிவாகக் கரும்பலகையில் நிற்கிறது. ‘பருமன்’ என்னும் மாற்றுச்சொல் இக்குழப்பத்தைக் குறைக்கும் என்பதால் அதுவே ஏற்றது.

‘கனமானது மூழ்கும்’ என்பதைத் தவறென ஒதுக்குவதும் ஒரு கருதுகோளாக ஏற்பதும் இரு வேறு வகுப்புகளை உருவாக்கும். ஏற்றுக்கொண்டால் ஐயவினா எழுகிறது: ஆணி மூழ்குவது அதன் எடையாலா, இரும்பாக இருப்பதாலா? ஆணியைவிடப் பலமடங்கு எடையுள்ள விறகுக்கட்டை மிதப்பதால் முதல் கருத்து விழுகிறது. எவர்சில்வர் கிண்ணம் மிதப்பதால் இரண்டாவதும் ஆட்டம் காண்கிறது. அதே கிண்ணத்தில் நீர் நிரம்பினால் மூழ்குகிறது. இவ்விடத்தில் மாணவர் எடையையும் அடைத்த இடத்தையும் சேர்த்து எண்ண வேண்டிய நெருக்கடிக்கு வருகிறார். நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம், இரும்பினது ஏறத்தாழ 7.9 கிராம் என்னும் எண்கள் அந்நெருக்கடிக்குப் பின் வந்தால் செய்தியாகும். முன்னர் வந்தால் பாரமாகும்.

வேளாண் குடும்பங்களுக்கு இப்பாடம் புதிதன்று. விதைநெல்லைத் தெரிவு செய்ய, நீரில் முட்டை மிதந்து மேலே தெரியும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அக்கரைசலில் நெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரையும் அரைகுறை மணிகளையும் நீக்கும் முறையை வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். வெறும் நீரில் மூழ்கும் முட்டை உப்புநீரில் மிதப்பது ஏன்? முட்டை மாறவில்லையே. முட்டையை ஏன் அளவுகோலாகக் கொண்டனர்? இது மாணவர் வீட்டில் கேட்டு வரக்கூடிய அறியாவினா. ஆசிரியருக்கும் பல நேரங்களில் அறியாவினாவே. வகுப்பில் இருவரும் அறியாத கேள்வி ஒன்று நிற்பதைப் போல ஈடுபாட்டை உண்டாக்குவது பிறிதொன்றில்லை. ஒரு கிண்ணமும் கைப்பிடி உப்பும் போதும், காணொளி வேண்டியதில்லை.

செயல் மட்டும் போதுமா?

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும்: பாடநூல்களில் செயல்பாடுகள் உள்ளனவே. உண்மை. ஆயினும் பெரும்பான்மைச் செயல்பாடுகளில் ‘என்ன காண்கிறாய்?’ என்னும் வினாவை அடுத்த வரியிலேயே விடை தொடர்கிறது. படித்தால் விடை தெரியும் என்னும்போது செய்து பார்க்க வேண்டிய தேவை ஆசிரியருக்கும் எழுவதில்லை, மாணவருக்கும் எழுவதில்லை. செயல்பாடு அறிவினாவின் விளக்கப்படமாகச் சுருங்குகிறது. பாட இறுதியில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தலில் தொடங்கி, கோடிட்ட இடம், பொருத்துதல், குறுவிடை, நெடுவிடை என நடந்து, கடைசியில் ‘உயர் சிந்தனை வினா’ வருகிறது. சிந்தனை இறுதியில் நிற்பதும், ‘உயர்’ என்னும் அடைமொழி பெறுவதும் தற்செயலல்ல. நேரம் இருந்தால் செய்ய வேண்டியது, நன்றாகப் படிக்கும் மாணவருக்கு உரியது என்னும் இரு செய்திகளையும் அவ்விருப்பிடம் சொல்லிவிடுகிறது.

2000-களின் பிற்பகுதியில் நடுநிலை வகுப்புகளில் அறிமுகமான படைப்பாற்றல் கல்வி முறையும் இதே வரம்புக்குள் நின்றது. மாணவர் பாடத்தைப் படித்து, கடினச் சொற்களைக் கண்டறிந்து, மனவரைபடம் வரைந்து, தொகுத்து வழங்கினர். வகுப்பின் அமைதி கலைந்தது. மாணவர் குரல் கேட்டது. அது சிறிய செய்தியன்று. எனினும் வரைபடம் பாடநூலின் வரைபடமே. மாணவர் உரையின் மீது செயல்பட்டனர். பொருளின் மீது செயல்படவில்லை.

ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இதற்கு மாறான பாதையில் சென்றது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய அமைப்புகளின் முயற்சியால் அது தொடங்கியது. 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா அதனை ஏற்று நடத்தியது. அத்திட்டத்தின் ‘பால வைஞானிக்’ நூல்கள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரியவை. அவற்றில் சோதனைகளும் வினாக்களும் இருந்தன, விடைகள் இல்லை. விடைகளை மாணவர் தம் குறிப்பேட்டில் தம் சொற்களில் எழுதினர். சமஸ்கிருதச் சார்புடைய கடின இந்தி தவிர்க்கப்பட்டது. தேர்வில் நூலையும் குறிப்பேட்டையும் திறந்து பார்க்க இசைவு இருந்தது. செய்முறைத் தேர்வும் உடன் நடந்தது. மாணவர் தம் கேள்விகளை எழுதி அனுப்பச் ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மாந்தர் உருவாக்கப்பட்டார். அறியாவினாவுக்கு அஞ்சல் முகவரி அளித்த பாடத்திட்டம் அது ஒன்றே என எனக்குத் தோன்றுகிறது. 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது.

இத்திட்டத்தைப் போற்றுவோர் மறக்கக் கூடாத ஒன்றுண்டு. அணுவையும் மின்னேற்றத்தையும் எந்த மாணவரும் கிண்ணத்தையும் நூலையும் வைத்துக் கண்டுபிடித்துவிட இயலாது. ரோசலிண்ட் டிரைவர் 1983-ஆம் ஆண்டு நூலில், மாணவரை அறிவியலாளராகக் கருதுவதன் எல்லையைச் சுட்டினார்: மாணவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள கருத்துகளின் வழியாகவே சோதனையைக் காண்கின்றனர்; எனவே செய்துபார்த்தல் மட்டும் அறிவியல் கருத்தைத் தந்துவிடாது. சோதனைக்குப் பின் நிகழும் பேச்சு இன்றியமையாதது. அறிவியல் கண்காட்சிகளில் வினிகரும் சமையல் சோடாவும் பொங்கும் ‘எரிமலை’ ஆண்டுதோறும் கைத்தட்டல் பெறுவதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். நுரை அடங்கியவுடன் வியப்பும் அடங்குகிறது. நுரையில் உள்ள வாயு யாது, எரிமலையில் உண்மையில் நிகழ்வது இதுதானா என ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் அது எரிமலையே அன்று என்பது வெளிப்பட்டுவிடும்.

வானவில் மன்றமும் மூன்று நொடிகளும்

2022 நவம்பரில் தொடங்கப்பெற்ற வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நடமாடும் ஆய்வகமாகக் கருவிகளையும் கருத்தாளர்களையும் கொண்டுசெல்கிறது. எளிய பொருள்களைக் கொண்டு மாணவர்களைச் செய்யவைக்கும் இத்திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால் கருத்தாளர் வந்து செல்லும் நாளுக்கும் பாடவேளைக்கும் இடையில் சுவர் எழுந்துவிடும் வாய்ப்புண்டு. அன்று கேள்வி, மற்ற நாள்களில் விடை என்னும் பங்கீடு ஏற்பட்டால், அறிவியல் திருவிழாப் பண்டமாகிவிடும். கருத்தாளர் செய்துகாட்டியதை அடுத்த நாள் வகுப்பாசிரியர் ஐயவினாவாகத் தொடர்கிறாரா என்பதே இத்திட்டத்தை மதிப்பிடுவோர் கவனிக்க வேண்டிய அளவுகோல்.

கருவி ஏதுமின்றி இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருப்பதைக் கண்டார். அதனை மூன்று நொடிகளாக நீட்டியபோது மாணவர் விடைகள் நீண்டன, பேசாதிருந்தவர்கள் பேசினர், மாணவர் எழுப்பும் வினாக்கள் கூடின. ஒரு நொடியில் வரக்கூடியது மனப்பாடச் சுட்டு விடை மட்டுமே. உற்றதை உரைக்கவும் உறுவதைக் கூறவும் நேரம் வேண்டும். ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவரும் இன்றைய அரசுப் பள்ளிகளில் இதன் தேவை இருமடங்கு: தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய மாணவருக்கு ஒரு நொடி எவ்வாறு போதும்? அவ்வகுப்புகளில் ‘தமிழில் சொல்’ என்று ஆசிரியர் இசைவு தருவது பாடத்தை நீர்க்கச் செய்வதாகாது. முன்கணிப்பு முதலில் பிறக்க வேண்டும், மொழிபெயர்ப்பு பின்னர் நடக்கலாம்.

தேர்வு மாறாமல் இவையெல்லாம் நடவா என்பர். முழுத் தேர்வு முறையும் மாறும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பின் பருவ வினாத்தாளில் ‘அடர்த்தி என்றால் என்ன?’ என்னும் ஒரு வினாவுக்கு மாற்றாக, ‘உப்புக் கரைசலில் இட்ட நெல்மணிகளுள் சில மிதந்தன, சில மூழ்கின, மேலும் உப்பைக் கரைத்தால் என்ன நிகழும்? ஏன் அவ்வாறு எண்ணுகிறாய்?’ எனக் கேட்டு, முன்கணிப்புக்கு ஒரு மதிப்பெண்ணும், கணிப்பு தவறினும் காரணம் பொருந்தினால் ஒரு மதிப்பெண்ணும் அளிக்க விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தாலே போதும். அவ்வரியை எழுதும் உரிமை வினாத்தாள் தயாரிப்போரிடம் உள்ளது. அவர்களுள் பலர் நம் துறைகளில் பயின்றவர்கள்.